மூன்றாம் களத்தில் ஏழு பேர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதில் பாதிக் கோபம் என் மேல் எனக்கே வந்தது.

சேலத்தில் ஒரு ஃபிரேம் கடையின் மாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, பெரிய கேமராக்காரர்கள் கூடுவார்கள். கழுத்தில் மாட்டுகிற கேமராவை நினைக்காதீர்கள். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு பெட்டியை நிறுத்தி, தலையோடு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, உள்ளங்கை அகல ஃபிலிம் தாளில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு படம் எடுக்கிற கேமரா. ஏரி, மலை, காடு என்று நிலத்தை மட்டும்தான் எடுப்பார்கள். எடுத்ததை மேஜையில் வைத்து ஆளாளுக்கு அலசுவார்கள். எழுதுகிற ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு நாள் அங்கே சரிதா என்ற பெண் எடுத்த படத்தைப் பார்த்து நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அது என்னவென்று நான்காம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள்.

2

கதையை இப்படித் தொடங்கினேன்:

'ஆத்தூருக்குக் கிழக்கே வெண்மையான களங்கள் வெயிலில் விரிந்து கிடந்தன. தூரத்தில் கல்வராயன் மலை நீலமாக'

அடித்துவிட்டேன். களம் தானாக விரிந்து கிடக்குமா? விரித்தவர்கள் எங்கே?

அப்புறம் இப்படி:

'சரிதா ஒரு ஏழைக் கூலித் தாயின்'

இதையும் அடித்தேன். அவள் படித்தால் என்னைச் சும்மா விட மாட்டாள்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். சரிதாவுக்கு இருபத்தொன்பது வயது. சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறாள். நாளைக்கு அறுபது பேரிடமாவது "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்கிறாள். எக்ஸ்ரே கம்ப்யூட்டருக்குப் போனபிறகு அங்கே ஃபிலிம் கழுவுகிற இருட்டறை சும்மா கிடந்தது. அதில்தான் தன் படங்களைக் கழுவுகிறாள். கேமரா இரவல். திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளின் முதலாளி கந்தப்பன் தன்னுடைய பழைய பெட்டியைக் கொடுத்திருந்தார்.

(இந்தக் கந்தப்பனைக் கெட்டவராக்க மூன்று தடவை முயன்றேன். முடியவில்லை. கேமராவைச் சும்மா கொடுத்தார். பஸ்ஸில் மூன்று கால் ஸ்டாண்டை ஏற்ற முடியாது என்று ஆத்தூர் வரை தன் ஜீப்பையும் அனுப்பினார். அதுதான் எரிச்சல். கெட்ட மனுஷனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.)

3

சரிதாவின் அம்மா குஞ்சம்மாள் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஃபேக்டரியில், காயவைக்கும் மூன்றாம் களத்தில் வேலை செய்கிறாள். ஈர ஜவ்வரிசியைச் சிமெண்ட் தரையில் பரப்பி, நீளக் கழியில் மாட்டிய பலகையால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கட்டி பிடித்துவிடும். ஏழு பெண்கள் அந்தக் களத்துக்கு. மேஸ்திரி அப்புசாமி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரிதா அங்கே கேமராவை நிறுத்தினாள். பெட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் களம் தலைகீழாக விழுந்தது. அம்மாவைக் கூப்பிட்டுத் துணிக்குள் காட்டினாள்.

"அடியே, எல்லாரும் தலகீழா தொங்குறாளுங்க. பெருமாயி கொண்டய பாரு, கீழ உழுந்துரும் போலருக்குது" என்று குஞ்சம்மாள் உள்ளேயிருந்தே சிரித்தாள். மரத்தடியிலிருந்து அப்புசாமி கனைத்தார். அவள் ஓடிப்போய்ப் பலகையைப் பிடித்தாள்.

லென்சுக்கு முன்னால் சரிதா ஒரு கறுப்புக் கண்ணாடியைச் செருகினாள். அதுவும் கந்தப்பனுடையது. அதைப் போட்டால் நட்ட நடு வெயிலிலும் மூன்று நிமிஷம் லென்சைத் திறந்து வைக்கலாம். மேகம் இழுபட்டுப் பஞ்சாக வரும். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள். மூன்று நிமிஷமும் சரிதா மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருட்டறையில் ஃபிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டுத் தூக்கிப் பார்த்தாள். மேகம் பஞ்சாக வந்திருந்தது. மலை வந்திருந்தது. களம் ஒரு சுருக்கமில்லாமல் வெள்ளையாக வந்திருந்தது. ஏழு பேரில் ஒருத்தியும் இல்லை. நாற்காலியில் அப்புசாமி மட்டும், சட்டைப் பையில் பேனா தெரிகிற அளவுக்குத் துல்லியமாக உட்கார்ந்திருந்தார்.

மூன்று நிமிஷத்தில் அசைகிறவர்கள் ஃபிலிமில் ஒட்ட மாட்டார்கள்.* நாளெல்லாம் 'அசையாதீங்க' என்று சொல்கிறவள் அதை மறந்திருந்தாள். தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

[*எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் கண்ணாடியில் அம்மாவைக் கண்ணால் பார்த்தாள் அல்லவா? பார்த்தது படத்திலும் இருக்கும் என்று நம்பிவிட்டாள். நாமெல்லாம் செய்கிற தப்புதான்.]

4

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் வாய்ப்பூட்டு. படத்தை மேஜையில் வைத்தவர், மற்ற எல்லோரும் ஒரு சுற்றுப் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. சுற்றில் ஒருவராவது 'எடுத்தவர் இஷ்டப்படி விடுங்கள்' என்றால் படம் எடுத்தவர் வைத்ததுதான் சட்டம். ஒருவரும் சொல்லவில்லையென்றால் மேஜை சொல்வதுதான்.

கெட்டுப்போன படம், எப்படிச் சரி செய்வது என்று கேட்கத்தான் சரிதா அதை எடுத்து வந்திருந்தாள். ஆனால் வாய்ப்பூட்டு.

கந்தப்பன் படத்தைத் தூக்கிச் சன்னல் பக்கம் திருப்பினார். "ஏனுங்க, இத்தன நாளா இத எங்கீங்க வெச்சிருந்தீங்க? ஒரு சனம் இல்ல பாருங்க. நெலம் தனியா மூச்சு உடுதுங்க. அந்த நாற்காலிக்காரரு அளவுக்கு ஒரு ஆளு, போதும்."

"வெள்ளைக்குள்ள எத்தனை வெள்ளை பிரிஞ்சு நிக்குது" என்றார் நாமக்கல்லில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சந்தோஷ்குமார். காலேஜில் கட்டடக் கலை சொல்லித்தரும் பிரவீனா, "வர்ற கண்காட்சிக்கு இதையே அனுப்பலாங்க. 'வெறுமை'னு பேர் வைங்க" என்றார்.

என் முறை வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்: "மனிதரே தேவைப்படாத ஒரு பூரணம்."

கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஏழு பூசணிக்காயை மறைத்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சமையல் பிரமாதம் என்று சொன்ன ஆள் நான்தான்.

பூட்டுத் திறந்ததும் சரிதா சொன்னாள். "இதுல ஏழு பேரு வேலை செஞ்சுட்டு இருந்தாங்க. ஒருத்தர் எங்கம்மா."

கந்தப்பன் நல்ல மனதோடுதான் சிரித்தார். "நல்லவேளைங்க. அவிய உழுந்திருந்தா படமே போயிருக்கும்."

சரிதாவுக்குக் காது மடல் வரை சுட்டது. மேஜை ஏற்கனவே முடிவு சொல்லியிருந்தது. கண்காட்சிக்கு ஆளுக்கு ஒரு படம், அவளுக்கு இந்தப் படம். வேறு ஏதாவது வைக்க வேண்டுமென்றால் அடுத்த மாதக் கூட்டத்தில் வைத்துப் பேசிக்கொள்ளலாம், பட்டியல் அன்றைக்குத்தான் மூடும் என்றார்கள்.

5

குஞ்சம்மாள் படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நகர்ந்தாள்.

"இது மூணாங் களந்தானே?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு நாங்க ஏழு பேரும் இருந்தமே. கண்ணாத்தா அந்த ஓரமா. நான் இங்க." விரல் வெறும் வெள்ளையில் நின்றது. "இவுரு மட்டும் உக்காந்திருக்காரு. நாங்கல்லாம் எங்கடி போனோம்?"

"அசைஞ்சா விழாதும்மா. மூணு நிமிஷம்."

"வேல செஞ்சா உழாதுன்னு சொல்லு."



(இங்கே சரிதா அழுதாள் என்று எழுதினேன். அடித்தேன். அவள் அழவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கந்தப்பன் மேல், மேஜை மேல், கறுப்புக் கண்ணாடி மேல், மேகம் பார்த்துக்கொண்டு நின்ற தன் மேல். என் மேலும் வந்திருக்கும். பூரணமாம்.)

"கறுப்புக் கண்ணாடியக் கழட்டிட்டுச் சட்டுனு எடுத்துரலாம்மா. நொடியில விழுந்துரும்."

குஞ்சம்மாள் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "வேணாம். அவுரு உக்காந்தாப்லயே நானும் நிக்கிறேன். அதே மூணு நிமிசம். வர்ற ஞாயித்துக்கெழம வா."

6

இரண்டாம் படம்.

மத்தியானம், அதே இடம், அதே கறுப்புக் கண்ணாடி. சரிதா லென்சைத் திறந்தாள். குஞ்சம்மாள் களத்தின் நடுவில் பலகையை நட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அரை நிமிஷத்தில் அப்புசாமி எழுந்துவிட்டார். "ஏ குஞ்சம்மா, என்னா சிலையாட்டம் நிக்கிற? கட்டி புடிக்குது பாரு."

அவள் நின்றாள்.

"அசையாதம்மா" என்றாள் சரிதா, தினமும் சொல்கிற அதே குரலில்.

அப்புசாமி களத்துக்குள் இறங்கி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையை நீட்டினார். முகத்துக்கு நேராகக் கத்தினார். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. ஓரத்தில் கண்ணாத்தாள் கிளறுவதை நிறுத்திவிட்டு அவளும் நிமிர்ந்து நின்றாள். சரிதா மேகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தில் வியர்வை இறங்குவதையே பார்த்து, மூன்றாம் நிமிஷ முடிவில் லென்சை மூடினாள்.

"நாளையிலருந்து நீ வரவேணாம்" என்றார் அப்புசாமி. குஞ்சம்மாள் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு மகளோடு நடந்தாள். பதினொரு வருஷம் அந்தக் களத்தில் கிளறியவள்.

ஃபிலிமில் விழுந்தது இது. குஞ்சம்மாள், காலின் விரல் முதல் நெற்றிச் சுருக்கம் வரை. கண்ணாத்தாள் கடைசி ஒரு நிமிஷம் மட்டும் நின்றதால் பாதி. அவள் சேலைக்கு ஊடே ஜவ்வரிசி தெரிகிறது. மற்ற ஐந்து பேர் இல்லை. வேப்பமரத்தடியில் நாற்காலி காலி. அவ்வளவு கத்திய, அவ்வளவு கை நீட்டிய அப்புசாமி ஒரு புள்ளிகூட விழவில்லை.

7

முடிவுக்கு மூன்று வழி பார்த்தேன்.

அ) சரிதா முதல் படத்தைக் கூட்டத்துக்கு நடுவில் கிழித்துப் போடுகிறாள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நெகடிவ் பத்திரமாக இருக்குமே, அதை என்ன செய்வது?

ஆ) கண்காட்சியில் குஞ்சம்மாள் தன் படத்துக்கு முன்னால் நிற்க, எல்லோரும் கண்கலங்கிக் கைதட்டுகிறார்கள். வாந்தி வருகிறது. முன்பு ஒருமுறை நானும் அந்த மேஜை முன்னால் கைதட்டு வாங்கினேன்.

இ) அப்புசாமி மனம் திருந்தி

போதும்.

நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு. பட்டியல் அன்று மூடுகிறது. சரிதா இரண்டாம் படத்தை மேஜையில் வைத்தாள். வாய்ப்பூட்டு.

கந்தப்பன் நெடுநேரம் பார்த்தார். "மொகத்துல என்னமோ இருக்குதுங்க. ஆனா இது நெலப் படம் இல்லீங்களே. ஆளு நடுவுல கண்ணக் குத்துது. பழைய படந்தான் நம்ம ரகம்."

"ஓரத்துல பேய் மாதிரி ஒரு உருவம்" என்றார் சந்தோஷ்குமார். "அதை மட்டுமாவது அழிச்சிரணும்."

"இத வீட்ல மாட்டுங்க சரிதா" என்றார் பிரவீனா, அன்பாகத்தான். "அம்மாவுக்குச் சந்தோஷமா இருக்கும். கண்காட்சிச் சுவத்துக்கு 'வெறுமை' போகட்டும்."

சரிதா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் படத்துக்காக வேலையை இழந்த அம்மா கீழே ஃபிரேம் கடை வாசலில் காத்திருக்கிறாள் என்பது இவர்கள் யாருக்கும் தெரியாது. சொல்லவும் முடியாது.

இன்னும் ஒருவர் பேச வேண்டும். என் முறை.

நான் ஏற்கனவே ஒரு தடவை அழகாகப் பேசிக் கெடுத்தவன். இப்போது சரியாகப் பேசி, கதையிலே நல்லவனாகி, உங்களிடமும் ஒரு கைதட்டு வாங்கிக்கொண்டு போக எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுந்துவிட்டேன். இது உங்கள் நாற்காலி. உட்காருங்கள்.

படம் உங்களுக்கு நேராக இருக்கிறது. நடுவில் பலகையோடு ஒருத்தி. ஓரத்தில் பாதி ஒருத்தி. மரத்தடியில் காலி நாற்காலி. உங்களுக்கு இடப்புறம் கந்தப்பன், எதிரில் சரிதா. 'எடுத்தவர் இஷ்டப்படி விடுங்கள்' என்று ஒருவர் சொன்னால் போதும் என்பது வழக்கம். வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்க்காதீர்கள். நீங்கள் பேசாமல் அவள் பேச முடியாது.