காலி என்று சொன்ன கார்பைன்

துப்பாக்கியைக் கைமாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கொடுப்பவர் முதலில் தோட்டா அடைத்த மேகசினைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் போல்ட்டைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வாங்குபவர் உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தோட்டா இல்லையென்று பார்த்துவிட்டு, மணல் வாளிக்கு நேராகப் பிடித்து விசையை ஒரு தடவை அழுத்துவார். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற வெற்றிவேலுக்கு இதெல்லாம் பல் விளக்குவது மாதிரி.

உப்பளம் பகுதியில் இருந்த நகைக்கடையில் காவலுக்கு இருந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க கார்பைன் துப்பாக்கி. முதலாளி இராமதாஸின் அப்பா, பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், ஆசைப்பட்டு லைசென்சோடு வாங்கியது. பகலில் அதைப் பிடிப்பது பலராமன், ராத்திரியில் வெற்றிவேல். பலராமன் வேறு யாருமில்லை, வெற்றிவேலின் மனைவி மாலாவின் அண்ணன். வேலையில்லாமல் திரிந்த மச்சானை, முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே சேர்த்ததே வெற்றிவேல்தான்.

ஆரம்பத்தில் விரல் விட்டுப் பார்த்துத்தான் வாங்கினார். ஆனால் தினம் தினம் சொந்தக்காரர் முகத்துக்கு எதிரே சோதிப்பது சந்தேகப்படுவது போல் உறுத்தியது. விட்டுவிட்டார். மாமன் மச்சான் உறவுக்கு முன்னால் ராணுவ ஒழுங்காவது மண்ணாவது!

அன்று சாயங்காலம் வெற்றிவேல் திரும்பி நின்று சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பலராமன் போல்ட்டை முதலில் இழுத்து விட்டுவிட்டு, மேகசினைப் பிறகு கழற்றினார். அதற்குள் ஒரு தோட்டா உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

"காலி மாப்ள" என்று நீட்டினார்.

வெற்றிவேல் வாங்கி வாளிக்கு நேராகப் பிடித்து அழுத்தினார். வெடித்தது. மணல் சீலிங் வரைக்கும் பறந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் நகை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

ரெட்டியார்பாளையத்திலிருந்து முதலாளி அலறியடித்துக்கொண்டு வந்தார். "எப்பிடிய்யா வெடிச்சுது?"

வெற்றிவேல் வாயைத் திறப்பதற்குள் பலராமன் முந்திக்கொண்டார்.

"நான் காலி பண்ணித்தான் குடுத்தேன் மொதலாளி. மாப்ளயும் விரல் விட்டுப் பார்த்துட்டுத்தான் வாங்கினாரு. அப்புறம் அவரா தோட்டாவப் போட்டு என்னமோ பண்ணாரு."

"நான் எங்க மச்சான் பார்த்தேன்? உங்கள நம்பி அப்படியே வாங்கினேன்!"

அந்தச் சொல்லே அவருக்கு வினையாயிற்று. "பார்க்காம வாங்குனியா? மிலிட்டரிக்காரன்னுதானே உன்ன வெச்சேன்?" என்று முதலாளி எகிறினார். துப்பாக்கி லைசென்சில் காவலாளி என்று பதிந்திருந்த அவர் பேரை எடுத்துவிடப் போவதாகவும் சொல்லிவிட்டார். இனி எந்தக் கடையிலும் அவரைக் காவலுக்கு வைக்க மாட்டார்கள். பலராமன் தரையில் சிதறிய மணலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

சாரம் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு வரும்வரை வெற்றிவேலுக்கு வயிறு எரிந்தது. கூட இருந்தே குழி பறித்துவிட்டாரே! மாலாவாவது தன் அண்ணனை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள் என்று எல்லாவற்றையும் கொட்டினார். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அண்ணன் மேலதான் தப்பு. வெடிச்ச ஒடனே போன் பண்ணி அழுதுச்சு."

"அப்போ ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. வேலை போச்சுன்னா சம்பந்தி வீட்டுல நிறுத்திடுவாங்க. உங்களுக்கு பென்ஷனாவது வருது. அதான்..."

"அதான்?"

"உங்க மேல சொல்லிடச் சொன்னேன். நான் பேசினா நீங்க கோச்சிக்க மாட்டீங்கன்னு சொன்னேன்."

மச்சானைத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இவளுக்குப் பொருந்தவில்லை. வெற்றிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் பொண்ணு என்னையும் மாமான்னுதானேடி கூப்பிடுது" என்றார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே ஏத்துக்கிட்டிருப்பேனே."