பருத்திப்பட்டு வழியாக ஒரு வேன்

அம்பத்தூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் நன்கொடையில் இலவசத் தொழிற்பயிற்சி மையம் நடந்தது. முப்பது பெண்கள் மூன்று மாதம் படித்தார்கள். இருபத்தொன்பது பேருக்குத் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை கிடைத்தது. மிச்சம், பூந்தமல்லி ஷாகிதா. நேர்முகத் தேர்வன்று அவளுக்கு டைபாய்டு.

மையப் பொறுப்பாளர் கோவிந்தராஜுக்கு அறிக்கையில் நூறு சதவீதம் பேருக்கும் வேலை என்று எழுத ஆசை. அதனால் ஷாகிதாவை மையத்திலேயே வைத்துக்கொண்டார். வேலைக்குப் போனவர்களுக்குப் போன் செய்து விசாரிப்பது அவள் வேலை.

ஒரு வாரத்தில் விசாரித்து முடித்தாள்.

"சார், பதினோரு பேர் வேலைய வுட்டு நின்னுட்டாங்க."

"ஏம்மா? பயிற்சி பத்தலியா?"

"வேன் பத்தல சார்."

நின்றவர்களில் ஒன்பது பேர் பருத்திப்பட்டுக்காரர்கள். ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. கம்பெனி வேன் ஐந்தேகாலுக்கு ஆவடி பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பிவிடும். அந்த நேரத்தில் பருத்திப்பட்டிலிருந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோகூடக் கிடையாது.

கோவிந்தராஜ் நன்கொடை நிறுவனத்துக்கு எழுதினார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. திட்டத்தில் போக்குவரத்துக்கு இடமில்லை. நின்றவர்களுக்கு இரண்டு நாள் மன உறுதிப் பயிலரங்கு நடத்தலாம், மதியச் சாப்பாடு உண்டு.

ஷாகிதா அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான வரலட்சுமிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"மன உறுதியெல்லாம் நெறைய கீது ஷாகி. இருட்டுல நடந்து போவ எங்கப்பாதான் வுட மாட்டேங்கறாரு."

ஷாகிதாவுக்கு வெட்கமாக இருந்தது. இவர்களையெல்லாம் விசாரிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். வேன் டிரைவர் அழகேசனின் நம்பரைத் தேடிப் பிடித்தாள்.

"அண்ணாத்தே, காலைல பருத்திப்பட்டு வழியா வர முடியுமா?"

"எங்க ஊடே பருத்திப்பட்டுதாம்மா. வண்டிய ஏரியாண்டதான் போடுவேன். டெய்லி காலி வண்டியதான் ஓட்டிகினு ஆவடி வரேன்."

"அப்ப ஏன் யாரையும் ஏத்தல?"

"யாரும் கேக்கலியே."

வேனில் ஏற்றிக்கொள்ளவும் நின்றவர்களைத் திரும்பச் சேர்க்கவும் கம்பெனி மேலாளர் வித்யாவிடம் அனுமதி கேட்டாள். "அவ்ளோதானா?" என்றார் அவர்.

திங்கட்கிழமை ஏழு பேர் ஏரிக்கரையில் வேன் ஏறினார்கள். மற்ற இருவரில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, இன்னொருத்தி மருந்துக்கடையில் சேர்ந்திருந்தாள். வேனுக்குள்ளிருந்து வரலட்சுமி போன் செய்தபோது ஷாகிதா அரைத் தூக்கத்தில் இருந்தாள். பின்னால் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசியது கேட்டது. எழுந்து உட்கார்ந்து சிரித்தாள்.

பயிலரங்கு குறித்த தேதியில் நடந்தது. ஏழு பேர் வேலையில் இருந்தார்கள், மற்ற நான்கு பேரும் வரவில்லை. பேச வந்தவரும் கோவிந்தராஜும் ஷாகிதாவும் சாப்பிட்டார்கள். அந்த ஏழு பேரும் திரும்பியதற்குப் பயிலரங்குதான் காரணம் என்று ஆண்டறிக்கையில் வந்தது.

"நா வேன்னுதான் எழுதினேன் சார்."

"நானும் அப்படித்தாம்மா அனுப்பினேன். மேல மாத்திட்டாங்க."

அடுத்த அணிக்கான விண்ணப்பத்தில் ஷாகிதா ஒரு கேள்வியைச் சேர்த்தாள்: உங்கள் தெருவுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு வரும்? கோவிந்தராஜ் படித்துப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் அச்சுக்கு அனுப்பினார்.