நடைவேந்தரின் கைக்கடிகாரம்

காப்பீட்டு அலுவலக மேலாளருக்குப் போன மாதம்தான் ‘நடைவேந்தர்’ பட்டம் கிடைத்தது. ஊழியர்களின் இதய நலனுக்காக இரண்டு மாதம் நடந்த போட்டி அது. ஆளுக்கொரு கைக்கடிகாரம் கொடுத்து, யார் அதிகம் நடக்கிறார் என்று பார்த்தார்கள். பரிசு கொடுத்தவர் ஓர் இதய மருத்துவர். வாங்கிய கையோடு மேலாளர், “என் இதயம் என் பேச்சைக் கேட்கும்” என்று இருபது நிமிடம் முழங்கிவிட்டு, லிஃப்டில் ஏறி முதல் மாடிக்குப் போனார்.

நடந்ததெல்லாம் அவர் மனைவி. காலையும் மாலையும் கடிகாரத்தை அவள் கையில் கட்டிவிடுவார்.

“எப்படியும் வீட்டுக்குள்ள சுத்திக்கிட்டுதானே இருக்க. அது வீணாப் போகாம இருக்கட்டுமே.”

அடிக்கணக்கு குறைந்த நாட்களில், துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்கும் அனுப்புவார். துணி ஒன்றுதான் இருக்கும்.

இரண்டாவது வாரம் அவர் கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வந்தது: ‘ஒழுங்கற்ற இதயத் துடிப்பு தென்பட்டது. மருத்துவரை அணுகவும்.’ மேலாளருக்கு வியர்த்துக் கொட்டியது. யாருக்கும் தெரியாமல் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடி ஈசிஜி எடுத்தார். கல்லு மாதிரி இருக்கிறது என்றார்கள். நிம்மதியாகப் படி இறங்கும்போதுதான் உறைத்தது, அந்த நேரத்தில் கடிகாரம் யார் கையில் இருந்தது என்பது.

உறைத்ததை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். இன்னும் ஆறு வாரம்தானே. அறிவிப்பின் வாயை அடைத்தார்.

“என்னங்க, நெஞ்சுக்குள்ள மீன் துள்ளற மாதிரி இருக்கு,” என்று அவள் சொன்னபோதெல்லாம், “வாயுத் தொல்லை. வெந்நீர் குடி,” என்றார். காப்பீட்டில் இருபது வருட அனுபவம் உள்ளவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் குடித்தாள்.

பட்டம் வாங்கிய பிறகும் கடிகாரம் அவள் கையை விட்டு இறங்கவில்லை. இன்று காலை, அதோடு படியேறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வாங்க நடைவேந்தரே,” என்று வரவேற்றார் பரிசு கொடுத்த அதே மருத்துவர். பரிசோதித்துவிட்டு ஈசிஜி தாளைப் பார்த்தார். “இப்ப சரியாத்தான் இருக்கு. ஆனா இது வந்து வந்து போற சமாச்சாரமா இருக்கலாம். வரும்போது பிடிச்சாதான் தெரியும். எப்பலேருந்து இப்படி?”

“ரெண்டு மூணு மாசமா. வாயுன்னு நினைச்சோம். வெந்நீர் குடிச்சேன்,” என்றாள் மனைவி. யார் நினைத்தது என்று சொல்லவில்லை. கடிகாரத்தைப் பற்றியும் மூச்சு விடவில்லை. முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள். அவர் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்.

அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“டாக்டர், இதுல பதிவு இருக்கு.”

“இது உங்களோடதுல்ல?”

“கடிகாரம் என்னோடது. துடிப்பு இவளோடது. நடையும் இவளோடதுதான்.”

மருத்துவர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நடைவேந்தரே என்று அதன்பிறகு கூப்பிடவில்லை.

“கடிகாரம் சொல்றத மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது. நெஞ்சுல ஒரு கருவி ஒட்டி விடறேன், நாள் முழுக்கப் பதிவு பண்ணும். இதயத்தோட மேல் அறை ஒழுங்கா சுருங்காம நடுங்கினா, ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அது மூளைக்குப் போனா பக்கவாதம். மயக்கம், மூச்சு முட்டல், நெஞ்சு வலி, எது வந்தாலும் உடனே கிளம்பி வாங்க.” கடைசியில் மேலாளரைப் பார்த்து, “வெந்நீர் வேணாம்,” என்றார்.

கருவியை ஒட்டிக்கொண்டு நடைக்கூடத்துக்கு வந்தபின் அவள் கேட்டாள்.

“அது எத்தனை தடவை சொல்லுச்சு?”

“ஒன்பது.”

“நான் அதவிட அதிகமா சொன்னேனே.”

லிஃப்ட் வந்தது. உள்ளே ஒருவருக்குத்தான் இடம் இருந்தது.

“நீங்க நடந்து வாங்க,” என்றாள்.

மூன்று மாடி. எண்ணிச் சொல்ல, கடிகாரம் அவர் கையில் இல்லை.