மாப்பிள்ளையின் காரைப் பிரித்த நாள்

மூன்று மாதமாக அந்த மெக்கானிக் பின்பக்க சஸ்பென்ஷன் வேலை எதையும் எடுக்கவில்லை. முன்பக்கம் என்றால் செய்வார். பிரேக், கிளட்ச், எஞ்சின் எல்லாம் செய்வார். "பள்ளத்துல இறங்கினா பின்னாடி டக்குடக்குன்னு சத்தம் வருது" என்று யாராவது வந்து நின்றால் மட்டும், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அடுத்த தெருவுல ஒரு ஷெட் இருக்கு, அங்க காட்டுங்க" என்று அனுப்பிவிடுவார்.

அவரோடு பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் வெல்டருக்கு இது பொறுக்கவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர் என்பதால் அவருக்குப் பெயரே 'கண்ணாடி' என்று ஆகிவிட்டது. "அண்ணே, நம்ம ஷெட்டுக்கு வர்ற காருக்கெல்லாம் இனிமே முன்பாதி மட்டும் இருந்தாப் போதும்போல" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். மெக்கானிக் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. காதில் விழுந்ததா என்பதே தெரியவில்லை.

ஷெட்டின் பின்மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய கார் ஒன்று நின்றது. மெக்கானிக்கின் தங்கை புருஷனுடைய கார்.

மாப்பிள்ளைக்குக் கண் ஆஸ்பத்திரிகளுக்கு லென்ஸ் விற்கும் வேலை. வாரத்தில் நான்கு நாள் ஊர் ஊராகச் சுற்றுவார். வாய் ஓயாத மனுஷன். மெக்கானிக்கை மச்சான் என்று கூப்பிட்டதே இல்லை, 'டாக்டர்'தான். கடைசியாக வந்தபோதும் ஷெட் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "டாக்டர், இவளுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பின்னாடி ரெண்டு பேர் ஏறினாலே முனகுறா. கொஞ்சம் என்னன்னு பாருங்க."

மெக்கானிக் பார்த்தார். ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது. பின் ஆக்சிலை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கும் புஷ்களில் ரப்பர் வெடித்திருந்தது. எல்லாவற்றையும் மாற்றினார். அதற்குப் பதினோராம் நாள் மத்தியானம், நல்ல மழை. ஒரு வளைவில் காரின் பின்பக்கம் சுழற்றி அடித்து, ஓட்டுபவர் பக்கமாகப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் மாப்பிள்ளை போய்விட்டார். காரணம் என்று போலீஸ்காரர்கள் காகிதத்தில் மூன்று சொல் எழுதிக் கொடுத்தார்கள்: மழை, வளைவு, வேகம்.

அடக்கம் முடியும்வரை எல்லாவற்றையும் மெக்கானிக்தான் பார்த்துக்கொண்டார். நாற்காலி வரவழைத்தார், வந்தவர்களை உட்காரவைத்தார், கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் போட்டார். "என்ன திடமான மனுஷன்!" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். திடமும் இல்லை ஒன்றும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் யாருடையதோ போல இருக்குமே, அப்படி ஆகிவிட்டது உடம்பு முழுக்க. வீட்டில் டிவி முன்னால் உட்காருவார். "என்ன படம் ஓடுது?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டால் அவருக்குத் தெரியாது. "என்னங்க யோசனை?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பார். உண்மையிலேயே ஒன்றும் இருக்காது.

இருந்தது ஒரே ஒரு விஷயம். ஒரு போல்ட்.

அந்தப் புஷ்களின் நடுவே போகும் போல்ட்டை, வண்டி தூக்கி நிற்கும்போது கையால் மட்டும்தான் முடுக்கி வைக்க வேண்டும். பிறகு வண்டியை இறக்கி, சக்கரம் தரையைத் தொட்டு, எடை முழுக்க உட்கார்ந்ததும்தான் கடைசி முடுக்கு. இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழிந்துபோகும். மெக்கானிக் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பாடம் இது. ஆனால் அன்றைக்கு அந்தக் கடைசி முடுக்கைக் கொடுத்தாரா? வேலை முடியப்போகும் நேரத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு போன் வந்தது. வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, "டாக்டர், சீக்கிரம் டிஸ்சார்ஜ் பண்ணுங்க" என்று அவசரப்படுத்தினார். அதுவரை நினைவு இருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது, கார் கேட்டைத் தாண்டிப் போவது. நடுவில் வெறும் வெள்ளை.

முடுக்கி முடித்தால் போல்ட் தலையிலிருந்து பக்கத்துத் தகடுவரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுவது அவர் வழக்கம். தார்ப்பாயை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். மூன்று மாதமாக அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கை வந்தாள். அவள் தையல் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவள். எப்போதும் பளிச்சென்று உடுத்துகிறவள், அன்றைக்கு வெளுத்துப்போன பழைய சுடிதாரில் வந்திருந்தாள். ஷெட்டுக்கு விடுமுறை. வெல்டர் கண்ணாடியும் வரவில்லை. மெக்கானிக் மட்டும் ஸ்பேனர்களைத் துடைத்துப் பலகையில் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இருப்பதும் இங்கே இருப்பதும் அவருக்கு ஒன்றுதான்.

"அண்ணா, புதன்கிழமை பழைய இரும்புக் கடைக்காரங்க லாரி அனுப்புறாங்க. வண்டியை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"சரி பாப்பா."

"அதுக்கு முன்னாடி நீ பின்பக்கத்தைப் பிரிச்சுப் பாக்கணும்."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்த இடத்திலேயே திரும்பத் துடைத்தார்.

"கண்ணாடி அண்ணன் போன் பண்ணாரு" என்றாள் தங்கை. "அண்ணன் பின்பக்க வேலையே எடுக்க மாட்டேங்குறாருன்னு சொன்னாரு. ஏன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியாதா என்ன?"

"வேண்டாம் பாப்பா."

"நீ பிரிக்கலைன்னா வேற ஆளைக் கூட்டிட்டு வருவேன். என்னவா இருந்தாலும் எனக்குத் தெரியணும். நீயே பாரு, நீயே சொல்லு. பொய் சொன்னா உன் காது சிவந்துடும், சின்ன வயசுலேர்ந்தே."

சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் போய்த் தார்ப்பாயை இழுத்தார். தூசி பறந்தது. அவ்வளவுதான். என்னமோ நடக்கும் என்று மூன்று மாதம் பயந்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அது ஒரு கார்.

அடிபடாத பக்கத்திலிருந்து தொடங்கினார். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளில் நிறுத்தினார். சக்கரத்தைக் கழற்றி உருட்டிப் போய்ச் சுவரில் சாய்த்தார். ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்துத் தாங்கிவிட்டு, "பதினேழு எடு" என்றார்.

தங்கை பலகையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினாள்.

"இது பத்தொன்பது."

"எனக்கு ஊசி நம்பர்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை நீட்டினாள். அது சரியாக இருந்தது.

ஷாக்கின் மேல்முனையைக் கழற்ற டிக்கியைத் திறக்கவேண்டி இருந்தது. அடிபட்டதில் கோணியிருந்த கதவு, இரண்டு பேரும் சேர்ந்து இழுத்த பிறகுதான் திறந்தது. உள்ளே காலி லென்ஸ் பெட்டிகள், ஒரு சின்னக் குடை, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். தங்கை பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் தேதியைப் படித்தாள். "இன்னும் கெடல" என்று சொல்லிக் குடையோடு சேர்த்து ஓரமாக வைத்தாள். காய்கறிக் கடையில் தக்காளி பார்க்கிற குரல்தான்.

ஷாக் வெளியே வந்தது. அழுத்திப் பார்த்தார். அழுந்தி, மெதுவாகத் திரும்ப நீண்டது. கசிவு இல்லை. ஆக்சிலைக் கொஞ்சம் இறக்கி, ஸ்பிரிங்கையும் அதன் ரப்பர் வட்டையும் எடுத்துத் தரையில் வைத்தார். எல்லாம் புதிது. பிறகு மல்லாந்து உள்ளே நகர்ந்து டார்ச் அடித்தார்.

போல்ட்மேல் சேறு காய்ந்து அப்பியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். மஞ்சள் தெரிந்தது. இன்னும் தேய்த்தார். போல்ட் தலையிலிருந்து தகடுவரை, முறியாமல், நகராமல், ஒரே நேர்க்கோடு.

அப்பாடா என்று ஒரு மூச்சாவது வெளியே வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. முதுகுக்கு அடியில் சிமென்ட் தரை சில்லென்று இருந்தது, அது மட்டும் தெரிந்தது.

"என்ன இருக்கு?" என்று வெளியிலிருந்து குரல் கேட்டது.

"முடுக்கியிருக்கேன். சரியாத்தான் இருக்கு."

"அந்தப் பக்கம்?"

அந்தப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. சக்கரம் உள்ளே வளைந்திருந்தது. ஷாக் தண்டு கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. கடப்பாரை கொடுத்து நெம்பி, துருவுக்கு ஸ்பிரே அடித்து, சுத்தியலால் தட்டித் தட்டித்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தகடு கசங்கியிருந்தது. ஆனால் கசங்கிய தகட்டிலும் அந்த மஞ்சள் கோடு போல்ட்டோடு பொருந்தியே நின்றது. போல்ட்டைக் கழற்றிப் புஷ்ஷையும் பார்த்தார். ரப்பரில் கிழிசல் இல்லை.

"ரெண்டும் சரியா இருக்கு பாப்பா" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்.

தங்கை ஸ்டூலில் இல்லை. சுவரோரம், முதலில் கழற்றி வைத்த சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்திருந்தாள். எந்தத் துணியையும் தொட்டே தரம் சொல்கிற விரல்கள், டயரின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தன.

"அண்ணா, இது ஏன் இவ்வளவு வழவழன்னு இருக்கு?"

மெக்கானிக் காலியாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அவர் டயரை நினைக்கவில்லை. அதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினோமோ என்று இப்போது தோன்றியது.

"பின்டயர் ரெண்டும் தேஞ்சு போச்சு" என்றார். "வேலை செய்யக் கழட்டினப்பவே பாத்தேன். மழையில பின்னாடி பிடிக்காது, வளைவுல வழுக்கும். மாத்திட்டுத்தான் போகணும்னு சொன்னேன். டயர் கடைக்கும் சொல்லிட்டேன், கொண்டுவர ரெண்டு மணி நேரம் ஆகும்னான். மாப்பிள்ளை சரின்னுதான் சொன்னார். அப்புறம் ஒரு போன் வந்துச்சு. பேசிட்டு வந்து, அடுத்த வாரம் பாத்துக்கலாம் டாக்டர்னு சாவியைக் கேட்டார். நான் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டே."

"குடுத்திருக்கக் கூடாது. சாவியைப் பாக்கெட்ல போட்டுட்டு ஆட்டோ பிடிச்சுப் போங்கன்னு சொல்லியிருக்கணும்."

தங்கை டயரிலிருந்து கையை எடுக்கவில்லை. "அந்தப் போன் நான் பண்ணது" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ணுக்குப் பல் டாக்டர்கிட்ட அஞ்சு மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். டயர் மாத்தணுமாம், உங்கண்ணன் விடமாட்டேங்குறார்னு சொன்னார். அவன் அப்படித்தான், ஒரு ஆணி கழண்டாக்கூட ஊரைக் கூட்டுவான், நீங்க கிளம்பி வாங்கன்னு சொன்னேன். வந்தார். பல் டாக்டர் வீட்டு வாசல்ல ஒரு மணி நேரம் சும்மாதான் உக்காந்திருந்தோம்."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துவிட்டு, தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அதுக்கப்புறமும் பதினோரு நாள் இருந்துச்சு" என்றார் மெக்கானிக். "ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்தல."

"நான் தினமும் அந்த வண்டியிலதான் ஏறி இறங்கினேன். நானும் ஞாபகப்படுத்தல. அவருக்கு மட்டும் தெரியாதா? வண்டி ஓட்டினது அவர்தானே."

அதற்குமேல் பங்கு பிரிக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. அவள் எழுந்து கையை உதறினாள்.

லாரியில் ஏற்ற வண்டி உருள வேண்டும். எனவே எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். ஸ்பிரிங், நல்ல பக்கத்து ஷாக், போல்ட்கள். வளைந்த சக்கரத்துக்குப் பதில் ஸ்டெப்னியைப் போட்டார். வண்டியை இறக்கி, எடை உட்கார்ந்த பிறகு, படுத்து உள்ளே போய், முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் 'டிக்' சத்தம் வரும்வரை முடுக்கினார்.

"இரும்புக்குப் போற வண்டிதானே?" என்று கேட்டாள் தங்கை.

"ஆமா" என்று சொல்லிவிட்டு இன்னொரு பக்கத்தையும் முடுக்கினார். பெயின்ட் கோடு மட்டும் போடவில்லை.

மணி மூன்று ஆகியிருந்தது. சோப்புத்தூள் போட்டுக் கை கழுவியும் இருவர் நகங்களிலும் கறுப்பு போகவில்லை. தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. இருப்பதைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"இப்ப உனக்கு என்மேல கோபமா?" என்று கேட்டார் அவர்.

தங்கை நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "இல்ல. வரணும்னு பாக்குறேன், வரல. உனக்கு?"

"எனக்கும் வரல."

"அழுகை?"

"இல்ல பாப்பா. ஒரு நாள்கூட."

"எனக்கும் இல்ல" என்றாள் அவள். "எல்லார் முன்னாடியும் முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டேன். உள்ள ஒண்ணும் இல்ல. எனக்கு மட்டும்தான் இப்படியோன்னு நெனச்சேன்."

"இல்ல."

"சரி. வர்றப்ப வரட்டும்."

தட்டுகள் வந்தன. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பாதியில் அவள் தன் தட்டிலிருந்து பொரித்த மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள், கேட்காமலேயே. அவர் அதையும் சாப்பிட்டார். நான்கு மணிக்கு மகளைத் தோழி வீட்டிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று அவள் எழுந்தபோது, "என் கார்லயே கொண்டுபோய் விடறேன்" என்றார். தோழி வீட்டு வாசலில் குழந்தை ஏறிக்கொண்டு, "மாமா, உங்க கை ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"வேலை செஞ்சேன்" என்றார்.

"அம்மா கையும் அப்படியே இருக்கே?"

"அம்மாவும் செஞ்சா" என்று சொல்லிவிட்டு, பின்கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்து, வண்டியை எடுத்தார்.