வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த படம்

பேச்சிமுத்து சொன்னது ஒன்று, அவன் பெண்டாட்டி முத்துமீனா செய்தது ஒன்று. அதில்தான் எல்லாம் கெட்டது.

பேச்சிமுத்து கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். முகூர்த்தம் இல்லாத நாளிலெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்து, வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, சொந்தமாக ஒரு சினிமா எடுத்துவிட்டான். பெரிய நடிகர் கிடையாது, பாட்டு கிடையாது, ஊரெல்லாம் போஸ்டர் ஒட்ட வக்கும் கிடையாது. மதுரை காளவாசல் பக்கத்துத் தியேட்டர் மேனேஜர் தங்கப்பாண்டிதான் மனசு இறங்கினார்.

"வெள்ளிக்கிழமை மத்தியான ஷோ ஒண்ணு தாரேன் மாப்ள. கூட்டம் வந்தா ஓடும். வரலேன்னா அன்னைக்கே தூக்கிருவேன், பெறகு என்னைய வையக்கூடாது."

சொந்த ஊரிலேயே ஓடாத படத்தை அடுத்த ஊரில் எவன் போடுவான்? அந்த ஒரு ஷோவில்தான் படத்தின் உயிர் இருந்தது. அதனால் முந்தின ஞாயிறு காலையில் ஓசியில் ஒரு காட்சி போடுவதென்று முடிவானது.

"நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் காலேஜ் புள்ளைகளக் கூப்பிட்டிருக்கேன் மீனா. முன்னப்பின்ன தெரியாதவுக பாக்கணும். பிடிச்சுப்போனா நாலு பேருக்குச் சொல்லுவாக, போன்ல எழுதிப் போடுவாக. அதப் பாத்துட்டுத்தான் வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுக்க ஆள் வரும்" என்றான்.

முத்துமீனா தலையை ஆட்டினாள். ஆனால் காலி நாற்காலிகளுக்கு நடுவில் புருஷன் ஒற்றையாய் உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் எடுத்துக்கொண்டு, அவனுக்குத் தெரியாமல் சொந்தபந்தம் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க தம்பி படம்க்கா. குடும்பத்தோட வந்துரணும். வராம இருந்தீக, உங்ககூடப் பேசவே மாட்டேன்."

அடேயப்பா, வந்தார்களே கூட்டம்! அழகர்கோவில் பக்கத்துச் சனம் வேன் பிடித்து வந்தது. பட்டுச்சேலை வந்தது, கைக்குழந்தை வந்தது, முறுக்குப் பொட்டலம் வந்தது. முத்துமீனா வாசலில் நின்று பன்னீர் தெளித்துச் சந்தனம் நீட்டினாள். உள்ளே ஓர் இடம் மிச்சமில்லை. காலேஜ் பிள்ளைகள் கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் வாரோம்க்கா" என்று பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

பேச்சிமுத்து தன் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு அவளுக்கு இடம் பிடித்திருந்தான். படுபாவி மகள், அதிலும் பேயாண்டிப் பெரியப்பாவை உட்கார வைத்தாள். "நான் எங்க போறேன், வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுத்தே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பிந்தி வந்தவர்களைக் கவனிக்க ஓடினாள்.

படம் முடிந்ததும் சின்னம்மா கண் சிவந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா, படத்துல வர்ற அந்தப் பொம்பள நீதானடி? கரு கலஞ்சு ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே எல்லாருக்கும் சோறு பொங்கிப் போடுதே ஒரு புள்ள... இம்புட்டையும் அவன் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கான்!"

கரு கலைந்த அந்த நாள் முத்துமீனாவுக்கும் மறக்கவில்லை. அன்றைக்கு அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். பார்க்கவே இல்லை என்றுதான் இத்தனை காலமும் உள்ளுக்குள் வைத்து வெந்துகொண்டிருந்தாள். உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது. லேப்டாப்பில் போடச் சொல்லிக் கேட்டாள். "வேணாம். ஒனக்குப் பெருசாக் காட்டணும்னுதான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை பாரு" என்றான்.

வெள்ளிக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு, முதல் ஆளாய் டிக்கெட் எடுத்தாள். இரண்டாவது ஆள் வரவில்லை; காலேஜ் பிள்ளைகளையும் காணோம். போனை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். ஒருவரும் குறையாய்ச் சொல்லவில்லை, படத்தை வாய் நிறையப் புகழ்ந்தார்கள்.

"நாங்கதான் வந்து பாத்துட்டமேத்தா! ஒரு விசேசத்துக்கு ரெண்டு தடவையா வருவாக?"

தங்கப்பாண்டி வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "ஒரு ஆளுக்குப் படம் ஓட்ட முடியாது தங்கச்சி. எனக்கும் மேல முதலாளி இருக்காரு. தப்பா நெனைக்காத." போஸ்டரைக் கழற்ற ஆள் ஏணியோடு வந்துவிட்டான்.

பேச்சிமுத்து சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் நின்றுகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது. மதுரையில் அவனுக்கு வேண்டியவர்களில் அந்தப் படத்தைப் பார்க்காதவள் அவள் ஒருத்திதான்.

"என்னைய வைங்க. வாயத் தெறந்து வஞ்சுருங்க" என்று அழுதாள். "ஆளில்லாம நீங்க அசிங்கப்பட்டுறக் கூடாதுன்னுதான் செஞ்சேன்."

அவன் போஸ்டரைச் சுருட்டி வாங்கி வண்டியில் வைத்தான்.

"அன்னைக்கு ஒங்கிட்ட எப்படிக் கேக்கன்னு எனக்குத் தெரியல மீனா. அதான் படமா எடுத்தேன். அந்த எடம் வர்றப்ப ஒங் கையப் பிடிச்சுக்கிடணும்னு இருந்தேன். திரும்பிப் பாத்தா, பேயாண்டிப் பெரியப்பா தூங்கிக்கிட்டிருந்தாரு."