மண் ஒட்டாத பன்னிரண்டு கன்றுகள்

சாக்கை அவிழ்த்ததும் அதிகாரியின் மேஜையில் பொலபொலவென்று மண் கொட்டியது. போட்டது நான்தான்.

பக்கத்திலேயே எங்கள் உஸ்பெக் பக்கத்து நமங்கான் ஊர்ப் பயிர்ச் சோதனைக்காரர் கொடுத்த சான்றிதழ்: 'வேரில் துளி மண் இல்லை.' அவர்மேல் பழியில்லை. நேற்று அவர் கண்ணெதிரில் பன்னிரண்டு ஆப்ரிகாட் கன்றுகளையும் பச்சைக் குழந்தைகளைப்போல் குளிப்பாட்டினேன். அவர் முத்திரை குத்திவிட்டுப் போன பிறகுதான் மனசு கேட்கவில்லை. ஊரைவிட்டுப் போகிறவருக்கு ஒரு பிடி சொந்த மண்ணை முடிந்து கொடுப்போம். என் அக்கா ஜும்ரத் எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்டபோதும் கொடுத்தோம். மரம் மட்டும் என்ன பாவம் செய்தது? ஒரு பிடி போட்டேன். என் கை கொஞ்சம் பெரியது.

"இதுல என்னென்ன புழு வரும்னு தெரியுமா அண்ணே?" என்றாள் கிர்கிஸ் பக்கத்து அதிகாரி பாக்திகுல்.

"எங்க ஊர்ப் புழும்மா. நல்ல குடும்பம்."

அவள் சிரிக்கவில்லை. "திரும்ப எடுத்துட்டுப் போங்க. அந்தப் பக்கம் அலசி, புதுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

"வந்தா உள்ள விடுவீங்களா?"

"பாப்போம்."

போன வருட உறைபனியில் அக்காவின் தோட்டம் முழுக்கக் கருகிவிட்டது. இந்த வசந்தத்தில் கன்று நடாவிட்டால் அங்கே செம்மறிகளை மேயவிடுவேன் என்று அவள் கொழுந்தன் சொல்லிவிட்டான். மூன்று மாதம் அலைந்து அவள் வாங்கிய இறக்குமதி அனுமதி இன்றோடு முடிகிறது.

கன்றுகளைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லை ஆற்றுப் பாலத்தில் திரும்பி நடந்தேன். பாலத்தில் காவல் நின்ற சிப்பாய் எர்மெக் கத்தினான்: "என்ன மாமா, கல்யாண ஊர்வலமா? பொண்ணு எது?"

"பன்னெண்டும் பொண்ணுதான்டா. நீ ஒண்ணைக் கட்டிக்கிறியா?"

எங்கள் பக்கத்து அலுவலகக் குழாயில் மறுபடி அலசினேன்.

"சான்றிதழ் கிடைக்குமா ஐயா?" என்றேன் அங்கிருந்த அதிகாரியிடம்.

"முதல்ல டீயைக் குடிங்க."

"கிடைக்குமா?"

"கடவுள் விட்டா."

கடவுள் சாப்பாட்டு இடைவேளைக்குப் போயிருந்தார் போல. ஈரச் சாக்கை மடியில் வைத்து பெஞ்சில் சாய்ந்தேன். ஆற்றிலிருந்து எழுந்த வெளிச்சம் கூரையில் மெல்ல அசைந்தது. கண் செருகியது. கன்றுகள் வரிசையில் நின்றிருந்தன, கிளைக்கு ஒரு பாஸ்போர்ட். மொட்டுக்குள் இருந்து முணுமுணுத்தன: தண்ணீர் மட்டும் யாரைக் கேட்டுப் பாலத்துக்கு அடியில் போகிறது? பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வெள்ளைப் பூ ஒன்று விழுந்தது. அது தரையைத் தொடவே இல்லை, நெடுநேரம் விழுந்துகொண்டே இருந்தது. யாரோ தோளைத் தட்டி, ஈர முத்திரையோடு ஒரு தாளைக் கையில் திணித்தார்கள்.

மறுபடி பாலத்தில் நடந்தபோது நான் மரங்களைச் சுமக்கிறேனா, அவை என்னைக் கூட்டிப்போகின்றனவா என்று புரியவில்லை. எர்மெக்கூடக் கேலி செய்யாமல் வழிவிட்டான்.

பாக்திகுல் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு வேராகப் பார்த்தாள். ஒரு வேரை நகத்தால் சுரண்டினாள். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"காலையிலிருந்து யாரும் எனக்கு நேரா ஒரு பதில் சொல்லலம்மா," என்றேன். வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தேன், குரல் உடைந்துவிட்டது. "அக்கா வாசல்ல நிப்பா. இதுங்க உள்ள போகுமா? போனா பிழைக்குமா?"

அவள் கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"போகும். ரெண்டு பிழைக்காது, வேர் காஞ்சிருச்சு. இருட்டுறதுக்குள்ள நட்டா மிச்சம் பத்தும் பிழைக்கும். எந்திரிங்க அண்ணே."