முறிவின் முகம்

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அவள் அடுப்படியில் மண்டியிட்டு, சிலிண்டருக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"இங்க என்னடி தேடற? வந்தவங்க உன்னைக் கேக்கறாங்க," என்றாள் அம்மா.

"அந்த ஸ்டூல் எங்கம்மா?"

"இப்ப ஸ்டூலா முக்கியம்?"

முக்கியம்தான். சணல் நாரையும் ரெசின் பசையையும் சேர்த்து ஆய்வகத்தில் அவளே அழுத்தி எடுத்த பலகை. நான்கு கால் பூட்டி அப்பாவுக்குக் கொடுத்திருந்தாள். "நூறு கிலோ தாங்கும்னியே, நான் அறுபத்தெட்டுதான். மிச்சத்துக்கு உங்கம்மாவையும் ஏத்திக்கவா?" என்று சிரித்தவர், தினமும் அதை அடுப்பை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துதான் பால் காய்ச்சுவார். சூட்டில் அந்தப் பலகையின் பலம் பாதியாகிவிடும் என்பது போன மாதச் சோதனையில்தான் தெரிந்தது. தள்ளிப் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

நேற்றுக் காலை பலகை இரண்டாகக் கிடந்ததாம், பக்கத்தில் அப்பா. மாரடைப்பு என்றார் டாக்டர். நெஞ்சு நின்று விழுந்தாரா, பலகை விட்டு விழுந்து நெஞ்சு நின்றதா என்று யாரும் கேட்கவில்லை. உடைந்த இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். நார்கள் உருவிக்கொண்டு நீட்டியிருந்தால் சூட்டில் பலகைதான் முதலில் விட்டது. நறுக்கென்று அறுந்திருந்தால் அவர் விழுந்த அடியில் உடைந்தது. ஒரு பார்வை போதும்.

சித்தப்பா பின்வாசல் வழியாக வந்தார், கையில் ஸ்டூலுடன்.

"இதையா தேடற? உக்கார நாற்காலி பத்தலம்மா. ஒட்டி, அடியில ரெண்டு பட்டை அடிச்சிட்டேன். இனி யானையே உக்காரலாம்."

விளிம்பில் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது.

"யாரைக் கேட்டு ஒட்டினீங்க?"

"இதுக்குமா கேக்கணும்? பொண்ணு செஞ்சதுன்னு அண்ணன் ஊரெல்லாம் சொன்னது. குப்பையில போட மனசு வரல."

"உடைஞ்ச இடத்துல நார் நீட்டிட்டிருந்துச்சா சித்தப்பா?"

"யாரு பாத்தா? உப்புத்தாள் போட்டு நல்லா தேச்சிட்டுதான் ஒட்டினேன். இல்லன்னா பசை பிடிக்காதே."

திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அவர் கண்கள் வீங்கியிருந்தன. மூடிக்கொண்டாள்.

அம்மா ஸ்டூலை வாங்கிப்போய் அப்பாவின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள். பலகை முனகக்கூட இல்லை. ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து வந்து ஸ்டூலின் காலைத் தொட்டது.

"கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோம்மா," என்றாள் அவள்.

"ஏன்?"

"வெயில்."